கூலன்ட் தொட்டியும் ஒரு மாடுதான்



கொஞ்சம் நீளமான பதிவு. சொந்தக்காரர்களில் பட்டறைப் பக்கமே போகாதவர்கள் நடுவில் வரும் கணக்கைத் தாண்டிப் போய்விடலாம். ஆனால் கையைப் பற்றியும் கழிவுத் தண்ணீரைப் பற்றியும் எழுதியிருப்பதை மட்டும் படித்துவிடுங்கள். கோவையில் எந்தச் சந்தில் லேத் இல்லை? உங்கள் பக்கத்து வீட்டிலேயே ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம்.

போன மாதம் ஒரு பழைய மாணவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், அவன் பேட்ச் பையன்களுக்குப் புரிந்துவிடும். கம்பெனி வேலையை விட்டு வந்து, பழைய ஆறடி லேத் ஒன்றை வாங்கி, வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்டு வைத்திருக்கிறான். பம்ப் ஷாஃப்ட், புஷ், விவசாயிகள் கொண்டுவரும் உடைந்த சாமான் என்று சில்லறை வேலை. யாரிடமும் கைகட்டி நிற்காமல் பிழைக்கிறான். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் கேட்டைத் திறந்ததுமே ஒரு வாடை. அழுகின முட்டை வாடை. "ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு ஆறு நாள் கழிச்சு இன்னைக்குத்தான் சார் திறந்தேன்" என்றான். வழக்கமாக ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறவன், அன்றைக்குத் தள்ளி நின்று கும்பிட்டான். அப்போதுதான் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. புறங்கை சிவந்து, தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது.

அவன் வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னது: "சோறு பிசைய முடியாம ஸ்பூன்லதானுங்க சாப்பிடறாரு. பேத்தியத் தூக்கறதே இல்லீங்க. குழந்தை மூஞ்சியில கை சொரசொரன்னு படுதுன்னு பக்கத்துலயே போறதில்ல." டாக்டரிடம் காட்டி மருந்து போடுகிறான். வெளியூர் போய் நாலு நாள் இருந்தால் ஆறுகிறது, லேத்தில் நின்றால் மறுபடி வருகிறது. இதிலேயே விடை இருக்கிறது அல்லவா?

லேத்துக்குக் கீழே குனிந்து கூலன்ட் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொன்னேன். மேலே விரல் கனத்துக்குக் கறுப்பு எண்ணெய் ஏடு. அதில் ஒரு பீடித்துண்டும், டீ குடித்த பேப்பர் கப்பும் மிதந்தன.

"இது எப்பக் கலக்குனது?"

"போன தீபாவளிக்கு முன்னாடிங்க சார்."

"அப்புறம்?"

"குறையக் குறையத் தண்ணி ஊத்திக்குவேனுங்க. வாடை வந்தா ஒரு மூடி பினாயில் ஊத்துவேன்."

"எந்தத் தண்ணி?"

"போர் தண்ணிதானுங்க, உப்புத் தண்ணி."

"இதெல்லாம் யார்றா உனக்குச் சொல்லிக்குடுத்தது?"

சிரித்துக்கொண்டே சொன்னான்: "நீங்கதான் சார். ஒன்னுக்கு இருபது."

வீட்டுக்கு வந்தும் அந்தப் பதில் என்னை விடவில்லை. உண்மைதானே. முப்பது வருடத்துக்கு மேல் டர்னர் டிரேடு எடுத்தேன். கூலன்ட் பாடம் வந்தால் போர்டில் எழுதுவேன்: ஒரு பங்கு எண்ணெய், இருபது பங்கு தண்ணீர். கூலன்டின் பயன்கள் ஐந்து எழுதுக, மார்க் ஐந்து. பையன்களும் எழுதினார்கள், நானும் போட்டேன். கலந்த பிறகு அது என்ன ஆகும், எப்போது கெடும், கெட்டதை எங்கே ஊற்றுவது, கையை எப்படிக் கழுவுவது என்று ஒரு வகுப்பாவது எடுத்தேனா? இல்லை. அங்கே பெரிய ஷெட், காற்றோட்டம் உண்டு. தொட்டியைக் கழுவ ஆள் உண்டு. பையன் இரண்டு வருடத்தில் போய்விடுவான். வீட்டுப் பட்டறையில் அந்த ஆளும் அவனேதான், தொட்டிக்குப் பக்கத்து அறை சமையலறை. இது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த விட்டுப்போன வகுப்புதான் இந்தப் பதிவு.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பட்டறையில் லேத் வைத்திருக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் கூலன்ட் தொட்டியே தேவையில்லை. ஒரு டப்பா கட்டிங் ஆயிலும் ஒரு பிரஷ்ஷும் போதும். தேவைப்படும் அந்த ஒருவர், தொட்டியை மாடு மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். மாடு வைத்திருக்கிறவன் பொங்கலன்றைக்கும் சாணி அள்ளித்தான் ஆக வேண்டும். ஊருக்குப் போனால் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு மனமில்லை என்றால் பாலைக் கடையில் வாங்கிக்கொள்வதே நல்லது.

ஏன் தேவையில்லை என்கிறேன்?

கூலன்டுக்கு இரண்டு முக்கிய வேலை. ஒன்று சூட்டைத் தணிப்பது, இன்னொன்று டூலுக்கும் சிப்புக்கும் நடுவில் வழுக்கலைக் கொடுப்பது. சூட்டைத் தணிப்பதில் தண்ணீரை மிஞ்சியது இல்லை. வழுக்கலில் எண்ணெயை மிஞ்சியது இல்லை. இரண்டும் வேண்டும் என்றுதான் பால் மாதிரி கலந்து ஊற்றுகிறோம்.

அமெரிக்காவில் ஃபிரடெரிக் டெய்லர் என்ற இன்ஜினியர் 1880-களில் பரிசோதனை செய்து, டூல் நுனியில் தண்ணீரைத் தாராளமாக ஓடவிட்டால் வெட்டும் வேகத்தை ஏறக்குறைய 40 சதவீதம் கூட்டலாம் என்று கண்டார். 1907-ல் வெளியான அவருடைய உலோகம் வெட்டும் கலை பற்றிய நூலில் இது இருக்கிறது. கூலன்டின் பெருமையே இந்த வேகத்தில்தான். ஒரே நாளில் ஆயிரம் பீஸ் எடுக்கிற கம்பெனிக்கு 40 சதவீதம் என்பது பெரிய பணம். நீங்கள் எடுப்பது நாலு புஷ். கொஞ்சம் மெதுவாக ஓட்டினால் பத்து நிமிடம் கூடுதலாகும். அந்தப் பத்து நிமிடத்துக்காக இருபது லிட்டர் கூலன்டை வருடம் முழுக்கக் கட்டி மேய்க்க வேண்டுமா?

மெதுவாக வெட்டும்போது சூடு குறைவு. அப்போது நமக்கு வேண்டியது வழுக்கல்தான். அதைப் பிரஷ்ஷில் தொட்டு வைத்தால் போதும்.

எந்த உலோகத்துக்கு என்ன என்று வரிசையாகச் சொல்கிறேன். நோட்டில் எழுதி லேத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வார்ப்பிரும்பு: எதுவும் வேண்டாம். அதற்குள்ளேயே கிராஃபைட் இருக்கிறது, அதுவே வழுக்கல். கூலன்ட் ஊற்றினால் கறுப்புத் தூளும் தண்ணீரும் சேர்ந்து உரைக்கிற பசை மாதிரி ஆகி, பெட்டையும் சாடிலையும் தேய்த்துவிடும். தூள் மூக்கில் ஏறாமல் மாஸ்க் போடுங்கள், பெட் மேல் ஒரு துணி விரியுங்கள்.

பித்தளை: சும்மாவே வெட்டலாம். கந்தகம் கலந்த கறுப்புக் கட்டிங் ஆயிலைப் பித்தளைக்கும் செம்புக்கும் காட்டாதீர்கள், கறை பிடிக்கும்.

மைல்டு ஸ்டீல், ஈ.என்.8: எச்.எஸ்.எஸ். டூல் என்றால் பிரஷ்ஷில் கட்டிங் ஆயில். கார்பைடு டிப் என்றால் சும்மாவே ஓட்டலாம். கார்பைடில் ஒரு விஷயம்: ஊற்றினால் விடாமல் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் ஊற்றவே கூடாது. பழுக்கச் சூடான டிப் மேல் நினைத்தபோது நாலு சொட்டு விட்டால், அடுப்பிலிருந்து இறக்கிய கண்ணாடிப் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் விட்ட கதைதான். நுண்ணிய விரிசல் விட்டு முனை உதிரும். "டிப் சீக்கிரம் போகுது சார்" என்று போன் செய்கிறவர்களில் பலர் செய்யும் தப்பு இதுதான்.

அலுமினியம்: டூல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. மெல்லிய எண்ணெய் அல்லது கொஞ்சம் மண்ணெண்ணெய், பிரஷ்ஷில். பக்கத்தில் வெல்டிங்கோ கிரைண்டிங் பொறியோ இருந்தால் மண்ணெண்ணெய் டப்பாவைத் திறக்கவே கூடாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், டேப் போடுவது, ரீமர் விடுவது: இங்கே எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. நல்ல கெட்டியான கட்டிங் ஆயில் போடுங்கள். ஓட்டைக்குள் உடைந்த டேப்பை எடுக்கும் பாடு பட்டவனுக்குத்தான் தெரியும்.

மக்னீசியம்: வீட்டில் தொடாதீர்கள். அதன் சிப்பில் தீப்பிடித்தால் தண்ணீர் தீயை வளர்க்கும்.

ஒரு லிட்டர் கட்டிங் ஆயில் டப்பா சில்லறை வேலைக்குப் பல மாதம் வரும். கெட்டுப்போகாது, வாடை அடிக்காது, ஆறு நாள் கல்யாணத்துக்குப் போய் வந்தாலும் அப்படியே இருக்கும். முக்கியமாக, சாடிலுக்கு அடியில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும் பிரச்சினை இல்லை. தினம் ஓடாத மெஷினுக்குத் தண்ணீர் கலந்த கூலன்டே எதிரி.

சரி. "சார், நான் பவர் ஹாக்சா வைத்திருக்கிறேன், ஆழமான ஓட்டை போடுகிறேன், சர்ஃபேஸ் கிரைண்டர் ஓட்டுகிறேன், மாதம் ஐந்நூறு பீஸ் ஆர்டர் இருக்கிறது" என்பவர்களுக்குத் தொட்டி வேண்டும்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். மாடு வாங்கியாயிற்று. இனி வளர்ப்பு.

முதலில் எந்த வகை? கடையில் மூன்று ஜாதி கிடைக்கும். பால் மாதிரி வெள்ளையாகக் கரைவது பழைய சாலுபிள் ஆயில். அரைகுறையாகத் தெளிந்து நிற்பது செமி சிந்தெடிக். தண்ணீர் மாதிரியே தெளிவாக இருப்பது சிந்தெடிக். சிந்தெடிக்கில் தாது எண்ணெய் கிடையாது. சீக்கிரம் கெடாது என்பது உண்மை, ஆனால் நம் பழைய மெஷின்களின் பெட்டில் இருக்கும் எண்ணெயைக் கழுவி எடுத்துவிடும், சிலது பெயின்டையும் உரிக்கும். பழைய லேத்துக்குப் பால் கலர் ஆயிலோ செமி சிந்தெடிக்கோ போதும் என்பது என் கருத்து. டப்பாவோடு வரும் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எத்தனை பங்கு, எந்த உலோகம், கையில் பட்டால் என்ன செய்வது எல்லாம் அதில் இருக்கும். லேபிளே இல்லாத கேனில் ஊற்றித் தரும் எண்ணெயை, விலை பாதி என்றாலும், வாங்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். கூலன்டில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர்தான். நாம் எண்ணெய் பிராண்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் தண்ணீரை எந்தக் குழாயில் வேண்டுமானாலும் பிடிக்கிறோம். கோவைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, சிறுவாணித் தண்ணியில் நுரைக்கும். சாலுபிள் ஆயிலில் எண்ணெயைத் தண்ணீரோடு பிடித்து வைப்பதும் சோப்பு மாதிரியான ஒரு சாமான்தான். கடின நீரின் கால்சியம் அதைத் தின்றுவிடும், எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், பிசுபிசுவென்று படியும். அதனால் கூலன்டுக்கு நல்ல தண்ணிதான். கிடைக்காவிட்டால் போர் தண்ணியோடு ஆர்.ஓ. தண்ணீர் கலந்துகொள்ளலாம். முழுக்க ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றினால் நுரை பொங்கும். கடினத்தன்மை சுமார் 100 பி.பி.எம். பக்கம் இருந்தால் சரி.

கலப்பது. வாளியில் முதலில் தண்ணீர், பிறகு எண்ணெய். எண்ணெயை மெல்ல விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயில் என்ற ஆங்கில வார்த்தையின் மூன்று எழுத்தை விரித்தால் 'ஆயில் இன் லாஸ்ட்' என்று வரும், எண்ணெய் கடைசியில். எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் கூழ் மாதிரி கெட்டியாகிக் கரையாது. நேராகத் தொட்டியில் ஊற்றிக் கலக்குவதும் தப்பு.

இனி நான் போர்டில் எழுதாத கணக்கு. ஒன்றுக்கு இருபது என்றால் ஏறக்குறைய 5 சதவீதம். முதல் நாள் 5. மெஷின் ஓட ஓடத் தண்ணீர் ஆவியாகும், எண்ணெய் சிப்போடு ஒட்டிக்கொண்டு போகும். எது எவ்வளவு போயிற்று என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் குழல் இருக்கிறது. ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் கோடு காட்டும். பழச்சாற்றில் சர்க்கரை பார்க்கும் அதே கருவிதான். பால் கலர் ஆயிலுக்குக் கோட்டில் காட்டுவது பெரும்பாலும் சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும். செமி சிந்தெடிக், சிந்தெடிக் என்றால் கோட்டு எண்ணைத் தாளில் போட்டிருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும்.

கணக்கு: தொட்டியில் 18 லிட்டர் இருக்கிறது, அளந்தால் 3 சதவீதம். வேண்டியது 20 லிட்டர், 5 சதவீதம். எவ்வளவு எண்ணெய் சேர்க்க வேண்டும்?

இருப்பது 18 லிட்டரில் 3 சதவீதம், அதாவது 540 மில்லி எண்ணெய். வேண்டியது 20 லிட்டரில் 5 சதவீதம், அதாவது 1000 மில்லி. குறைவது 460 மில்லி. ஆகவே வாளியில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்து, 460 மில்லி எண்ணெயைக் கரைத்து, தொட்டியில் ஊற்ற வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

அளந்தால் 6, 7 என்று ஏறியிருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். அப்போதும் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஐம்பதுக்கு ஒன்று என்று மெலிதாகக் கலந்து ஊற்றுங்கள். கெட்டியாக இருந்தால் கை எரியும், மெலிந்தால் துரு பிடிக்கும், கிருமி சேரும். தோசை மாவுக்குப் பதம் பார்க்கிறோமே, அந்த மாதிரி வாரம் ஒரு முறை.

அடுத்து பி.எச். அளக்கும் தாள். ஒரு புத்தகம் வாங்கினால் ரொம்ப நாள் வரும். எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் இறங்கிக்கொண்டே வந்தால் உள்ளே கிருமி வளர்கிறது. எட்டுக்குக் கீழே போய், வாடையும் வந்துவிட்டால் வைத்தியம் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

அந்த முட்டை வாடை எப்படி வருகிறது? பெட்டுக்கும் ஹெட்ஸ்டாக்குக்கும் விடும் எண்ணெய் ஒழுகித் தொட்டியில் ஏடாக மூடிக்கொள்கிறது. கீழே காற்றுப் போகாது. காற்றில்லாமல் வாழும் கிருமிகள் அங்கே பெருகி ஹைட்ரஜன் சல்ஃபைடு விடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாமல் திங்கட்கிழமை திறந்தால் வாடை அடிப்பது இதனால்தான். பினாயில், டெட்டால், பிளீச்சிங் பவுடர் எதுவும் தீர்வல்ல. வாடையை மறைக்கும், எண்ணெயைப் பிரிக்கும், இரும்பை அரிக்கும், உங்கள் கையைத்தான் கடைசியில் எரிக்கும். செய்ய வேண்டியது இரண்டு. மேல் ஏட்டைத் தட்டையான கரண்டியாலோ எண்ணெய் உறிஞ்சும் துணியாலோ தினம் எடுங்கள். லீவு நாளில் மீன் தொட்டிக்குப் போடும் சின்னக் காற்றுப் பம்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள். எச்சில், பீடி, டீ மிச்சம் எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. அது குப்பைத் தொட்டி இல்லை.

துருப்பிடிக்காமல் இருக்கச் சோடியம் நைட்ரைட் சேர்க்கும் பழைய பழக்கம் சிலரிடம் உண்டு. விட்டுவிடுங்கள். கூலன்டில் இருக்கும் சில அமீன்களோடு சேர்ந்து அது நைட்ரோசமீன் ஆகும், புற்றுநோய் சம்பந்தப்பட்ட சாமான்.

வருடா வருடம் ஆயுத பூஜைக்கு மெஷினைப் பளபளவென்று துடைத்து, திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை படைக்கிறோம். எத்தனை பேர் அன்றைக்குத் தொட்டியைத் திறந்து பார்க்கிறோம்? பூஜைக்கு முந்தின நாள் தொட்டியைக் காலி செய்து, அடியில் இருக்கும் சேற்றை வழித்து, பழைய தடம் இல்லாமல் கழுவி, புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். பழைய கூலன்ட் கொஞ்சம் மீதி இருந்தாலும் உறை மோர் மாதிரி புதியதையும் கெடுத்துவிடும். தினம் ஓடுகிற மெஷின் என்றால் நடுவில் பொங்கலுக்கு ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை.

இனி உடம்பு. சொந்தக்காரர்களே, இங்கிருந்து படியுங்கள்.

கை கழுவ தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் கூடாது. தோலில் இயற்கையாக இருக்கும் எண்ணெய்ப் பசையை அது எடுத்துவிடும், பிறகு கூலன்ட் நேராக உள்ளே போகும். சோப்பும் தண்ணீரும் போதும். வேலைக்கு முன்னும் பின்னும் கையில் கிரீம் தடவுங்கள். சிப் தூள் ஒட்டிய பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாமல் கீறும், அந்தக் கீறல் வழியாகத்தான் எல்லாம் ஆரம்பம். ஆனால் கை கெடுகிறதே என்று லேத் ஓடும்போது கையுறை போட்டுவிடாதீர்கள். சக் பிடித்து இழுத்தால் விரலோடு போகும். கையுறை தொட்டி கழுவ மட்டும்.

எண்ணெய் ஊறிய பேன்ட்டோடு நாள் முழுக்க நிற்காதீர்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில், ஸ்பின்டில் எண்ணெய் தொடையில் ஊறிக்கொண்டே வேலை செய்த தொழிலாளர்களுக்கு விதைப்பையின் தோலில் புற்றுநோய் வந்தது மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. இன்றைக்கு நல்ல கம்பெனி எண்ணெய் சுத்திகரித்து வருகிறது. லேபிள் இல்லாத கேனில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பட்டறைத் துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் வேண்டாம்.

இப்போது ஆன்லைனில் காற்றோடு பனி மாதிரி தெளிக்கும் மிஸ்ட் கிட் மலிவாகக் கிடைக்கிறது. சின்ன ஷெட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம். கூலன்ட் புகைத் துளி ஒரு கன மீட்டர் காற்றில் அரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனம் 1998-லேயே பரிந்துரைத்தது. ஃபேக்டரியில் புகை உறிஞ்சும் மெஷின் இருக்கும். நம் வீட்டில் அதை உறிஞ்சுவது நம் நுரையீரலும், பக்கத்து அறையில் படுத்திருக்கும் குழந்தையுடையதும்தான்.

கடைசியாகக் கழிவு. என் மாணவன் கெட்ட கூலன்டை எங்கே ஊற்றினான் தெரியுமா? கொல்லையில் தென்னை மரத்தடியில். "தண்ணிதானுங்க சார்" என்றான். அந்த மரத்துக்கு முப்பது அடி தள்ளி அவர்கள் வீட்டு போர். நாற்பது, ஐம்பது லிட்டர்தானே என்று ஒவ்வொரு சந்திலும் ஒவ்வொருவரும் ஊற்றினால் அந்த எண்ணெயும், அதில் கரைந்த உலோகமும், நாம் ஊற்றின பினாயிலும் எங்கே போகும்? நம் தெருவுக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்குத்தான். பயன்படுத்திய எண்ணெயும் எண்ணெய்க் கழிவும் 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் வருகின்றன. சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. கெட்டதை மூடியுள்ள கேனில் எழுதி ஒட்டி வையுங்கள். அனுமதி பெற்றவர்களிடம்தான் அது போக வேண்டும்.

இங்கே என் பெரிய கம்பெனி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஃபேக்டரிக்குக் கழிவு எடுக்க அனுமதி பெற்ற ஆட்கள் வருகிறார்கள். இருபது லிட்டர்காரன் வீட்டுக்கு அவர்கள் வர மாட்டார்கள். உங்கள் ஏரியாவில் இருக்கும் சின்னப் பட்டறைகளையும் முறைப்படி சேர்த்துக்கொள்ள வழி உண்டா என்று அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஃபைல் அடித்தவர்கள் நீங்கள்.

சிலர் சொல்வீர்கள், தெரியும். "எங்க அப்பா நாற்பது வருஷம் இதே கூலன்ட்லதான் சார் கை வச்சாரு, ஒண்ணும் ஆகல." சந்தோஷம். எல்லாருக்கும் வருவதில்லை, வருகிறவனுக்குப் பிழைப்பே போகிறது. ஒரு முறை தோல் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், சிலருக்கு ஒரு சொட்டுப் பட்டாலே திரும்ப வரும். கைத்தொழில்காரனுக்குக் கைதானே முதல்? லேத் போனால் இன்னொன்று வாங்கலாம்.

அந்த மாணவன் விஷயம். தொட்டியைக் காலி செய்து கழுவித் துடைத்துக் காய வைத்தோம். நானும் கூட நின்றேன், கையுறை போட்டுக்கொண்டுதான். மறுபடி நிரப்பவில்லை. அவன் செய்கிற வேலைக்குப் பிரஷ்ஷும் டப்பாவும் போதும் என்று முடிவு செய்தோம். ஒரு ஷாஃப்டுக்குக் கொஞ்ச நேரம் கூடுகிறது என்று முதல் வாரம் முணுமுணுத்தான், இப்போது ஒன்றும் சொல்வதில்லை. கழிவு இரண்டு கேனில் ஷெட் மூலையில் இருக்கிறது, மேலே கேட்ட உதவி அதற்கும் சேர்த்துத்தான். டாக்டர் மருந்தைத் தொடரச் சொல்லியிருக்கிறார். இடது கையில் இரண்டு விரல் நடுவில் இன்னும் வெடிப்பு இருக்கிறது.

போன புதன்கிழமை ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். பேத்தி மடியில் உட்கார்ந்திருக்கிறாள், அவன் தன் கையால் பருப்புச் சாதம் பிசைந்து ஊட்டுகிறான். கீழே ஒரு வரி: "ஒன்னுக்கு இருபது பாடம் முடிஞ்சுது சார்."

முடியவில்லை தம்பி, இப்போதுதான் நடத்தியிருக்கிறேன். வீட்டில் மெஷின் வைத்திருக்கிற எல்லாரும் இன்றைக்கே தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே என்ன இருந்தது என்று கீழே எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம், சொல்லிக்கொடுக்காத தப்பு வாத்தியாருடையது.

எல்லாரும் நல்லா இருங்க.
அன்புடன், உங்கள் டர்னர் வாத்தியார்.